எந்தப் பொதி முந்த வேண்டும்? வகைப்படுத்தல் விதிகளின் ஒரு சிறு வரலாறு

இன்டர்நெட் என்றால் எல்லாருக்கும் பொதுவான ஒரு றோட்டு என்றுதான் நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். ஒருவர் அனுப்புகிற வாட்ஸ்அப் செய்தியும், இன்னொருவர் இறக்குகிற படமும், மூன்றாமவரின் சூம் விரிவுரையும் ஒரே கேபிளில் வந்த வரிசைப்படியே போகின்றன என்று ஒரு நம்பிக்கை. இது பாதி உண்மை. பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தின் மூலையில், பச்சை லைட் மினுங்கிக்கொண்டிருக்கிற அந்தச் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னச் சட்டக்கோவை எழுதப்பட்டிருக்கலாம். எந்தப் பொதி எந்த வகை, எது முதலில் போகலாம், எது நின்று போகவேண்டும், இடம் போதாவிட்டால் எதைத் தூக்கி எறியலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். வலையமைப்பு வேலை செய்கிறவர்கள் இதைப் போக்குவரத்து வகைப்படுத்தல் விதிகள் என்பார்கள்.

இதில் கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வகைப்படுத்தல் எங்கள் பாடம்தான். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று இரண்டு கட்டங்கள் தனித்தனியே போடப்பட்டபோது, அது எண்ணுகிறவர்களின் வசதிக்கான ஒரு விஷயமாகத்தான் பலருக்குத் தெரிந்திருக்கும். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அந்தப் பிரிப்பின் பாரம் என்னவென்று மலையக மக்கள் அனுபவித்தார்கள். பொதிகளையும் மனிதர்களையும் ஒன்றாக்க நாங்கள் வரவில்லை. ஆனால் பட்டியலை எழுதுகிறவர் யார், அதில் கட்டங்களைப் போடுகிறவர் யார் என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் இருந்து வந்தது. அதே கேள்வியை இங்கேயும் கேட்டுப் பார்ப்போம்: ஒரு பொதியின் மேல் ‘இது முக்கியம்’ என்ற குறியை இடுவது யார்?

தந்திக் காலத்து வரிசை

இந்தக் கதை கணினிக்கு முதலே தொடங்குகிறது. கொழும்புக்கும் காலிக்கும் இடையில் தந்தி ஓடத் தொடங்கியது 1858இல். அடுத்த சில ஆண்டுகளில் உலகம் முழுக்கத் தந்திக் கம்பிகள் நாட்டு எல்லைகளைத் தாண்டிவிட்டன. ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் போகக்கூடியது கொஞ்சம்தான். ஆகவே எது முதலில் என்ற பிரச்சினை உடனேயே வந்தது. 1865 மே 17இல் பாரிஸில் 20 நாடுகள் கூடிக் கையெழுத்திட்ட சர்வதேசத் தந்தி உடன்படிக்கை இதற்கு ஒரு ஒழுங்கு வைத்தது: முதலில் அரசாங்கத் தந்திகள், அடுத்தது தந்திச் சேவையின் சொந்த வேலைத் தந்திகள், கடைசியில் தனியாட்களின் தந்திகள். பிறகு, கூடுதல் காசு கட்டினால் தனியாளின் தந்தியும் ‘அவசரம்’ என்று முன்னுக்குப் போகலாம் என்ற ஏற்பாடும் வந்தது.

கவனித்துப் பாருங்கள். முன்னுரிமைக்கு இரண்டு வழிகள் அப்போதே வந்துவிட்டன. ஒன்று பதவி, மற்றது பணம். இன்றைக்கு வரைக்கும் இந்த இரண்டையும் சுற்றித்தான் சண்டை நடக்கிறது.

1960களில் அமெரிக்க இராணுவம் ‘ஆட்டோவொன்’ என்ற தனித் தொலைபேசி வலையமைப்பை அமைத்தது. சாதாரண போனில் 12 பட்டன் இருக்கும். இந்தப் போன்களில் 16 இருந்தன. வலப்பக்கத்தில் கூடுதலாக இருந்த நாலும் முன்னுரிமைப் பட்டன்கள்: பிரயாரிட்டி, இமீடியட், ஃபிளாஷ், எல்லாவற்றுக்கும் மேலே ஃபிளாஷ் ஓவர்றைட். எதையும் அழுத்தாவிட்டால் அது ‘ரூட்டின்’, அதாவது வழமையான அழைப்பு. மேல்நிலை அழைப்பு ஒன்று வந்து லைன் எல்லாம் நிரம்பியிருந்தால், கீழ்நிலையில் கதைத்துக்கொண்டிருக்கிறவரின் இணைப்பை இயந்திரமே வெட்டிவிடும். உச்ச நிலையான ஃபிளாஷ் ஓவர்றைட் ஜனாதிபதி, பாதுகாப்புச் செயலாளர் போன்ற சிலருக்கு மட்டும்தான்.

1981: எட்டு பிட்

இன்டர்நெட்டின் அடிப்படை யோசனை தொலைபேசியில் இருந்து வித்தியாசமானது. அனுப்ப வேண்டியதைச் சின்னச் சின்னப் பொதிகளாக உடைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் முகவரி எழுதி விடுவது. ஒவ்வொரு பொதியும் வழியில் இருக்கிற ரவுட்டர்களைத் தாண்டித் தன்பாட்டில் போய்ச் சேரும். தபால் கந்தோரில் கடிதம் போடுகிற மாதிரி.

1981 செப்டெம்பரில் ஜோன் போஸ்டல் தொகுத்து வெளியிட்ட ‘ஆர்.எஃப்.சி. 791’ என்ற ஆவணம்தான் அந்த முகவரி உறை எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. இன்றும் பாவனையில் இருக்கிற ஐ.பி. நான்காம் பதிப்பு இதுதான். அந்த உறையின் இரண்டாவது பைட்டுக்கு ‘சேவை வகை’ என்று பெயர். அதில் எட்டு பிட். முதல் மூன்று பிட்டில் 0 முதல் 7 வரை எட்டு முன்னுரிமை நிலைகள். அவற்றின் பெயர்களைக் கீழிருந்து மேலே படித்தால் ஒரு பழைய முகம் தெரியும்: ரூட்டின், பிரயாரிட்டி, இமீடியட், ஃபிளாஷ், ஃபிளாஷ் ஓவர்றைட். ஆட்டோவொன் போனின் பட்டன்கள் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டன! அதற்கு மேலே 5ஆவதாக ‘கிரிட்டிக்’ என்று தொடங்குகிற ஒரு நிலை. அமெரிக்க உளவுத்துறையில் மிக மிக அவசரமான செய்திக்கு இருந்த பெயர் அது. 6உம் 7உம் வலையமைப்பு தன்னைத்தானே நடத்திக்கொள்வதற்கான செய்திகளுக்கு ஒதுக்கப்பட்டன.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இந்த ஆராய்ச்சிக்குக் காசு போட்டது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம். ஒவ்வொரு பொதியிலும் ஒரு இராணுவப் படிநிலை பதிந்திருந்தது அதனால்தான்.

மிச்சமிருந்த பிட்களில் மூன்று வேறு மாதிரியானவை. ‘தாமதம் குறைவாக வேண்டும்’, ‘அளவு அதிகமாகப் போக வேண்டும்’, ‘தொலையாமல் போக வேண்டும்’ என்று பொதி கேட்கக்கூடிய மூன்று விருப்பங்கள். இவற்றில் பதவி இல்லை, தேவை மட்டும்தான் இருக்கிறது. ‘நான் யார்’ என்பதும் ‘எனக்கு என்ன வேண்டும்’ என்பதும் ஒரே பைட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

முக்கியமான விஷயம், இந்தக் குறியை இட்டது அனுப்புகிறவர். ரவுட்டருக்கு அது ஒரு வேண்டுகோள். 1981இல் முழு வலையமைப்பிலும் இருந்தவை ஏறத்தாழ 200 கணினிகள்தான். ஆளை ஆள் தெரிந்த ஒரு சின்ன ஊர். அங்கே பொய்க்குறி போட்டு முந்துவதற்கு யாருக்கும் பெரிய தேவை இருக்கவில்லை. பெரும்பாலான ரவுட்டர்களும் அந்தப் பைட்டைக் கண்டுகொள்ளவில்லை. ‘எங்களால் முடிந்ததைச் செய்வோம், வாக்குறுதி எதுவும் இல்லை’ என்பதே எல்லாப் பொதிக்கும் பொதுவான சேவையாக இருந்தது.

நெரிசல் வந்தது

1986 ஒக்டோபரில் அந்த ஊர் முதல் தடவையாக மூச்சுத் திணறியது. கலிபோர்னியாவில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வகத்துக்கும் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில் தூரம் 400 யார். அவ்வளவு கிட்ட இருந்தும், அந்த இரண்டுக்கும் நடுவில் செக்கனுக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த தரவு 40 பிட்டாக விழுந்தது. அதாவது 800இல் ஒரு பங்கு. காரணம் இதுதான்: பொதி தொலைந்தால் அனுப்பிய கணினி திரும்ப அனுப்பும். எல்லாரும் திரும்பத் திரும்ப அனுப்ப நெரிசல் கூடும். நெரிசல் கூடினால் இன்னும் பொதிகள் தொலையும். வான் ஜேக்கப்சன் 1988இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதற்கு ஒரு மருந்து சொன்னது. பொதி தொலைந்தால், அனுப்புகிறவர் தானே வேகத்தைக் குறைக்க வேண்டும். முன்னுரிமையே இல்லாத தீர்வு இது. எல்லாரும் கொஞ்சம் பொறுத்துப் போனால் எல்லாரும் போகலாம் என்பதுதான் அதன் சாரம்.

அதே காலத்தில் இன்னொரு தீர்வும் ஓசைப்படாமல் நடந்தது. அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிதியத்தின் வலையமைப்பு 1986இல் செக்கனுக்கு 56,000 பிட் இணைப்புகளோடு தொடங்கி, அடுத்த வருடமே நிரம்பி வழிந்தது. அதன் ரவுட்டர்களை எழுதியவர் டேவிட் மில்ஸ். தூரத்துக் கணினியில் ஒருவர் தட்டச்சு செய்கிறார் என்று வையுங்கள். ஒரு எழுத்தைத் தட்டினால் அது போய்த் திரும்பி வந்தால்தான் திரையில் தெரியும். அது இரண்டு செக்கன் பிந்தினால் வேலையே செய்ய முடியாது. ஆனால் ஒரு பெரிய கோப்பு இறங்குவது இரண்டு செக்கன் பிந்தினால் ஒருவரும் கவனிக்கப்போவதில்லை. ஆகவே மில்ஸின் ரவுட்டர்கள் தட்டச்சுப் பொதிகளை இனங்கண்டு முன்னுக்கு விட்டன.

இது நல்ல முடிவு. மனிதருக்கு உதவிய முடிவு. அதே நேரம் வரலாற்றில் ஒரு திருப்பமும்கூட. குறியை இடுகிற வேலை அனுப்புகிறவரின் கையில் இருந்து வலையமைப்பை நடத்துகிறவரின் கைக்கு நகரத் தொடங்கிவிட்டது. பொதி தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைவிட, பொதியைப் பார்த்து ரவுட்டர் என்ன முடிவெடுக்கிறது என்பது பெரிதாகியது.

இரண்டு வழிகள்

1990களில் குரலும் வீடியோவும் வந்தன. போனில் கதைக்கிற குரலைப் பொதிகளாக்கினால், வழமையான முறையில் செக்கனுக்கு 50 பொதிகள் வரும். தலைப்புகளோடு சேர்த்து ஒரு பக்கத்துக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 80,000 பிட். அளவு சின்னதுதான். ஆனால் வாயில் இருந்து காதுக்கு 150 மில்லிசெக்கனுக்குள் போய்விட வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்புத் தரம். பிந்தி வருகிற சொல் வராத சொல் மாதிரித்தான்.

இதற்கு முதலில் வந்த யோசனை, பஸ்ஸில் சீட் புக் பண்ணுகிற மாதிரியானது. 1994இல் முன்வைக்கப்பட்ட ‘ஒருங்கிணைந்த சேவைகள்’ திட்டப்படி, ஒவ்வொரு அழைப்பும் வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரிடமும் இடம் கேட்டு ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அழகான யோசனை. ஆனால் நடு வலையமைப்பின் ரவுட்டர் ஒன்று இலட்சக்கணக்கான உரையாடல்களைத் தனித்தனியே நினைவில் வைத்திருக்க வேண்டி வரும். பெரிய அளவில் அது சரிவரவில்லை.

1998 டிசெம்பரில் வந்த ‘வேறுபடுத்திய சேவைகள்’ திட்டம் நினைவில் வைப்பதைக் கைவிட்டது. ஓரத்தில் இருக்கிற கருவி பொதியைப் பார்த்து வகைப்படுத்தி ஒரு எண்ணை இடும். நடுவில் இருக்கிறவை அந்த எண்ணை மட்டும் பார்த்து நடந்துகொள்ளும். பழைய ‘சேவை வகை’ பைட்டின் முதல் ஆறு பிட்டுக்குப் புதுப்பெயர் வந்தது. ஆறு பிட் என்றால் 64 எண்கள். 0 என்றால் சாதாரணம். குரலுக்கு வழமையாக இடுகிற எண் 46.

ஏன் 46? இரும எண்ணில் எழுதினால் அது 101110. முதல் மூன்று பிட்டைப் பாருங்கள்: 101, அதாவது 5. 1981இன் ‘கிரிட்டிக்’ நிலை. பழைய முன்னுரிமை மட்டும் தெரிந்த ரவுட்டருக்கும் இது பெரிய பொதி என்று விளங்கட்டும் என்ற வசதி இது. அலுவலக மேசையில் இருக்கிற ஐ.பி. போனில் ஒருவர் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டாலும், அந்தச் சொல்லைச் சுமக்கிற பொதியின் தலையில் பனிப்போர்க் கால உளவுச் செய்தியின் எண் இருக்கிறது.

சுவிட்சுக்குள் நடப்பது

இனி அந்தப் பெட்டிக்குள் போவோம். கேபிள் வழியாகச் சுவிட்சுக்கு வருகிற ஈதர்நெட் சட்டத்தில் நாலு பைட் ஒட்டுச்சீட்டு ஒன்றைச் சேர்க்கலாம். அதில் 12 பிட் எந்த மெய்நிகர் வலையமைப்பு என்று சொல்லும். 3 பிட் முன்னுரிமை சொல்லும். மறுபடியும் 0 முதல் 7. இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1 என்பது 0ஐ விடக் கீழே. பெரும்பாலான கருவிகள் எந்தக் குறியும் இடாமல் 0 என்றே அனுப்புவதால், 0 சாதாரணமாகிவிட்டது. சாதாரணத்துக்கும் கீழே ஒரு இடம் தேவைப்பட்டபோது 1ஐ எடுத்துக்கொண்டார்கள்.

விதி எழுதுகிற நிர்வாகி முதலில் எடுக்க வேண்டிய முடிவு நம்பிக்கை பற்றியது. இந்தத் துறையில் ‘நம்பிக்கை எல்லை’ என்றே ஒரு சொல் இருக்கிறது. ஒரு துறைக்குள் ஐ.பி. போன் செருகியிருந்தால் அது இடுகிற குறியை நம்பு. கணினி செருகியிருந்தால் அதன் குறியை அழித்து 0 ஆக்கு. ஏனென்றால் தன்னுடைய எல்லாப் பொதிக்கும் 46 என்று போட்டுக்கொள்வது ஒரு கணினிக்குப் பெரிய வேலையில்லை. 1981இன் சின்ன ஊர் முடிந்துபோன இடம் இதுதான். அனுப்புகிறவரின் சொல் இப்போது ஒரு சாட்சி இல்லாத வாக்குமூலம்.

நம்பாவிட்டால் எப்படி அடையாளம் காண்பது? பொதியின் வெளி அடையாளங்களை வைத்துத்தான். எந்தத் துறையால் வந்தது, எந்த மெய்நிகர் வலையமைப்பு, அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, எந்த நெறிமுறை, எந்த இலக்கக் கதவு. டி.சி.பி. என்றால் நெறிமுறை எண் 6, யூ.டி.பி. என்றால் 17. பெயர் தேடுவது 53ஆம் கதவு, பாதுகாப்பான இணையப் பக்கம் 443ஆம் கதவு. இந்த அடையாளங்களைச் சேர்த்து ‘இப்படி இருந்தால் இந்த வகுப்பு’ என்று எழுதுவது ஒரு படி. ‘இந்த வகுப்பு என்றால் இதைச் செய்’ என்று எழுதுவது அடுத்த படி. கடைசியில் அந்தக் கொள்கையைக் குறிப்பிட்ட துறைகளில் பொருத்துவது மூன்றாவது.

விதிகள் மேலிருந்து கீழே வாசிக்கப்படும். முதலில் பொருந்துகிற விதியே வெல்லும், மிச்சம் வாசிக்கப்படாது. இதை விளங்கிக்கொள்ள ஒரு கற்பனைக் கம்பஸை எடுப்போம். முதல் விதி: ‘மாணவர் வலையமைப்பில் இருந்து வருவதெல்லாம் சாதாரணம்’. இரண்டாவது விதி: ‘கற்றல் முகாமைத் தளத்துக்குப் போவதெல்லாம் முக்கியம்’. வாசிக்க இரண்டும் நியாயமானவை. ஆனால் ஒரு மாணவி ஒப்படையைத் தளத்தில் ஏற்றும்போது முதல் விதியே அவளைப் பிடித்துவிடும். இரண்டாவது விதி அவளுக்காகவே எழுதப்பட்டிருந்தாலும் அவளிடம் வந்து சேராது. விரிவுரையாளர் ஏற்றினால் மட்டும் முக்கியமாகும். இரண்டு வரியை மேலும் கீழுமாக மாற்றினால் போதும், சரியாகிவிடும். ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. வரிசை மட்டும் பிழை. அரசாங்கச் சுற்றுநிருபங்களை வாசித்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இராது.

எந்த விதியிலும் பொருந்தாததற்குக் கடைசியில் ஒரு வகுப்பு இருக்கும், ‘மற்றவை’ என்று. யாரும் யோசிக்காத புதுச் செயலிகள் எல்லாம் அங்கேதான் போய் விழும். குடிசனப் படிவத்தின் ‘ஏனையோர்’ கட்டம் மாதிரி.

வகுப்பு தெரிந்தபின் பொதி ஒரு வரிசையில் நிற்கும். குரலுக்கு வழமையாகக் கண்டிப்பான முன்னுரிமை வரிசை கொடுப்பார்கள். அதில் ஒரு பொதி நின்றால்கூட மற்ற வரிசைகள் காத்திருக்க வேண்டும். இதில் ஒரு ஆபத்து உண்டு. முன்வரிசை ஓயாமல் நிரம்பினால் பின்வரிசை பட்டினி கிடக்கும். ‘பட்டினி’ என்பதே இதற்கு வலையமைப்பு ஆட்கள் பாவிக்கிற சொல்லும். அதனால் முன்வரிசைக்கு ஒரு உச்ச அளவு வைக்க வேண்டும், தாண்டினால் அதன் பொதிகளையே எறிய வேண்டும். மற்ற வரிசைகளுக்கு இவ்வளவுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்க வேண்டும். சலுகைக்கு எல்லை வைக்காத முன்னுரிமை மற்றவர்களின் வழியை அடைத்துவிடும் என்பது இயந்திரத்துக்கும் தெரிந்த பாடம்.

ஒன்றை மறக்கக்கூடாது. வகைப்படுத்தல் அலைவரிசையைக் கூட்டாது. இருக்கிறதை யாருக்கு முதலில் கொடுப்பது என்று மட்டும்தான் தீர்மானிக்கும். றோட்டு வெறுமையாக இருந்தால் இந்த விதிகள் எதுவும் உறைக்காது. தட்டுப்பாடு வரும்போதுதான் அவை பேசத் தொடங்கும்.

வெளியே வந்த சண்டை

இதே நுட்பம் நிறுவனங்களின் கையில் பெரிதானபோது விஷயம் அரசியலாகியது. 2007இல் அமெரிக்காவில், பழைய நாற்குரல் பாட்டுப் பதிவுகளைப் பிட்டொரண்ட் மூலம் பகிர முயன்ற ரொப் டோபோல்ஸ்கி என்ற பொறியியலாளர், தன் பகிர்வுகள் மட்டும் அறுந்துபோவதைக் கவனித்தார். ஒக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தானே சோதித்துப் பார்த்தது. அவர்கள் பகிர்ந்தது பைபிள். அதுவும் அறுந்தது. கொம்காஸ்ட் நிறுவனம் பிட்டொரண்ட் போக்குவரத்தை இனங்கண்டு, இரண்டு பக்கத்துக்கும் ‘இணைப்பை முடித்துக்கொள்’ என்ற போலிப் பொதிகளை அனுப்பிக்கொண்டிருந்தது. 2008 ஓகஸ்டில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு இது பிழை என்றது. 2010 ஏப்ரலில் நீதிமன்றம் ஆணைக்குழுவுக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. ‘வலை நடுநிலைமை’ என்று டிம் வூ 2003இல் பெயர் கொடுத்த விவாதம் இதனால்தான் வீதிக்கு வந்தது. அங்கே விதி 2015இல் வந்தது, 2017இல் நீக்கப்பட்டது, 2024இல் திரும்ப வந்தது, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் விழுந்தது. பக்கத்து இந்தியாவில், ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்துக்கு எதிராகப் பெரிய பிரசாரம் நடந்து, 2016 பெப்ரவரி 8இல் உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணம் மாற்றுவதை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை தடை செய்தது.

கட்டணம் எப்படி இதற்குள் வந்தது என்று கேட்கலாம். வகைப்படுத்தல் எப்போதும் இரண்டு படி. முதலில் ‘இது என்ன’ என்று இனங்காணுதல். அடுத்தது ‘இதை என்ன செய்வது’. முன்னுக்கு விடலாம், பிந்த விடலாம், எறியலாம், காசு கழிக்காமல் விடலாம். இரண்டாவது படி மாறும். முதல் படி ஒன்றுதான்.

எங்கள் பொதிகள்

எங்கள் நாட்டில் இந்த நாலையும் நாங்கள் கண்டிருக்கிறோம். 2018 மார்ச்சில் கண்டிப் பகுதியில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோது ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாம் நாடு முழுக்க ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு மறுபடியும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, ஊரடங்குக்கு நடுவில், மக்கள் போராட்டம் எழுந்துகொண்டிருந்தபோது மீண்டும் ஒரு தடவை. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சொன்னது. ஒரு நாள் முடிவதற்குள் அது தளர்த்தப்பட்டது. அதற்குள் வி.பி.என். என்றால் என்னவென்று அம்மாமாருக்கும் தெரிந்துவிட்டது. வெறுப்புப் பேச்சைத் தடுக்கப் பாவித்த அதே விசை, அரசைக் கேள்வி கேட்ட நாளிலும் அழுத்தப்பட்டது. 1865இல் முதலில் இருந்த அரசாங்கத் தந்தி எங்களுக்கு அவ்வளவு தூரத்துக் கதை இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. 2020இல் கோவிட் முடக்கம் வந்து விரிவுரைகள் எல்லாம் சூமுக்குப் போனபோது, பல்கலைக்கழகங்களை இணைக்கிற ‘லேர்ன்’ வலையமைப்பின் ஊடாக நடந்த விரிவுரைகளுக்கும் பல்கலைக்கழகத் தளங்களுக்கும் டேட்டா கழிக்காமல் விடத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இணங்கின. அதுவும் ஒரு வகைப்படுத்தல் விதிதான். பெறுநர் முகவரி இந்தப் பட்டியலில் இருந்தால் காசு கழிக்காதே, அவ்வளவுதான். அந்த ஒற்றை விதி இல்லாவிட்டால், ரீலோட் போடக் காசில்லாமல் எத்தனை பேர் படிப்பை விட்டிருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். வலை நடுநிலைமையை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டால் இந்த விதியும் பிழைதான். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். ஆனால் இதே விதியின் வேறு வடிவங்களை ‘சோஷியல் மீடியா பெக்கேஜ்’ என்று விலைக்கு வாங்கும்போது, தெரிந்த நாலைந்து செயலிகளுக்கு வெளியே இருக்கிற இணையம் எங்களுக்கு விலை கூடியதாகிறது. ஒரு சின்னத் தமிழ்ச் சஞ்சிகையின் இணையத்தளம் எந்தப் பெக்கேஜிலும் இராது. அது எப்போதும் ‘மற்றவை’.

ஆகவே வகைப்படுத்தல் வேண்டுமா வேண்டாமா என்பது சரியான கேள்வி இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்து எடுக்கிற அழைப்பும் இரவு ஓடுகிற பக்கப் பிரதியும் ஒரே வரிசையில் நிற்கத் தேவையில்லை. கேட்க வேண்டியவை வேறு. விதியை எழுதியது யார்? பொதியின் தேவையைப் பார்த்து எழுதினார்களா, ஆளின் பதவியையும் பணத்தையும் பார்த்து எழுதினார்களா? சலுகைக்கு உச்ச அளவு வைத்தார்களா? ‘மற்றவை’ வரிசைக்குக் குறைந்த பங்கு ஒன்றை உறுதிப்படுத்தினார்களா? அந்த விதிகளை அவற்றுக்கு உட்படுகிறவர்கள் வாசிக்க முடியுமா?

இந்த வரலாற்றில் எங்களுக்குப் பிடித்த ஒரு சின்ன அத்தியாயமும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ‘இன்டர்நெட்2’ கூட்டமைப்பு, சாதாரணத்துக்கும் கீழான ஒரு வகுப்பைப் பரீட்சித்துப் பார்த்தது. அவசரமில்லாத பெரிய தரவுகளை அனுப்புகிறவர்கள் தாங்களே அந்தக் குறியை இட்டு, ‘மற்றவர்கள் போகட்டும், இடம் மிஞ்சினால் நாங்கள் போகிறோம்’ என்று சொல்லலாம். 2019இல் இதற்கென்று ஒரு புதிய எண்ணும் தரப்படுத்தப்பட்டது. பொய் சொல்வதற்குக் காரணமே இல்லாத ஒரே குறி இதுதான். சுவிட்ச் இதைச் சந்தேகப்படத் தேவையில்லை. அனுப்புகிறவரின் சொல்லை மீண்டும் நம்பக்கூடிய இடம்.

கம்பஸில் படிக்கிறவர்கள் இதை வைத்துச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. நூலகத்தில் எத்தனை புத்தகம் எத்தனை நாளைக்கு எடுக்கலாம் என்ற விதி அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறது. விடுதி விதிகளும் ஒட்டியிருக்கின்றன. வலையமைப்பின் விதிகளையும் அப்படி ஒட்டச் சொல்லலாம். கடவுச்சொல்லோ முகவரியோ தேவையில்லை. எந்த வகுப்புகள் இருக்கின்றன, எது எந்த வரிசையில் நிற்கிறது, மாணவர்களின் போக்குவரத்து எந்த வகுப்பில் விழுகிறது என்று ஒரு பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதினால் போதும். மாணவர் ஒன்றியங்கள் அடுத்த கூட்டத்துக்கு இந்த ஒரு பக்கத்தைக் கேட்டுப் பார்க்கட்டும்.